நாலு ஆப்ஷனுக்கு நாலு பேர்: நெட் பார்ட்-சி கணக்கைச் சேர்ந்து போடுவது

கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் தேர்வு சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதன் கணிதத் தாளின் பார்ட்-சி கேள்வியில் நாலு ஆப்ஷனில் ஒன்றோ பலவோ சரியாக இருக்கலாம், சரியானவை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். மூன்று ஆப்ஷனைச் சரியாக முடிவு செய்து நாலாவதில் சறுக்கினால் கிடைப்பது பூஜ்யம். வந்தால் 4.75 மதிப்பெண் முழுசாக வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் பாடம் நன்றாகத் தெரிந்தும் இந்தத் தாளில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். குழுவாக உட்கார்ந்து படிப்பதற்கு உண்மையான பலன் இருப்பதும் இங்கேதான். பார்ட்-ஏ, பார்ட்-பி இரண்டையும் தனியாகவே போட்டுப் பழகிக்கொள்ளலாம்.

தாளின் கணக்கு இது. மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பார்ட்-ஏயில் 20 கேள்வியில் 15, தலா 2. பார்ட்-பியில் 40-இல் 25, தலா 3. பார்ட்-சியில் 60-இல் 20, தலா 4.75. தவறான விடைக்கு ஏயில் 0.5, பியில் 0.75 கழியும். சியில் கழிவே இல்லை. சியின் 60 கேள்வியில் ஒரு பகுதி புள்ளியியல் என்பதால், கணிதம் மட்டும் படித்தவர்கள் மீதியிலிருந்துதான் 20-ஐப் பொறுக்க வேண்டும். அந்த 20-க்கு மட்டும் 95 மதிப்பெண், தாளில் ஏறக்குறைய பாதி.

குழுவில் நாலு பேர் இருந்தால் போதும். கேள்விக்கு நாலு ஆப்ஷன் என்பதால் ஆளுக்கொன்று. ஆறு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் தலையாட்டுவதோடு சரி. இரண்டே பேர் என்றால், தெரிந்தவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்ளும் டியூஷனாக அது மாறிவிடும். நாலு பேரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஆல்ஜீப்ராவிலும் ஒருவர் அனாலிசிஸிலும் கெட்டி என்றால் இன்னும் நல்லது. ஆனால் நாலு பேரும் ஒரே கோச்சிங் நோட்டிலிருந்து படித்தவர்கள் என்றால் நாலு பேரும் ஒரே இடத்தில் தப்பு செய்வார்கள், அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சந்திப்புக்கு முந்தின நாள் இரவே மூன்று கேள்வி வாட்ஸ்அப்பில் போய்விட வேண்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் தனியாக, கீ (விடைக்குறிப்பு) பார்க்காமல், கேள்விக்கு 25 நிமிடம் போராட வேண்டும். போராடின பிறகு ஒவ்வொரு ஆப்ஷன் பக்கத்திலும் ஒரு குறி. ப்ரூஃப் கையில் இருந்தால் டிக். ஆப்ஷனைப் பொய்யாக்கும், அதாவது உடைக்கும் உதாரணம் கையில் இருந்தால் இன்ட்டு. சரியென்றோ தப்பென்றோ தோன்றுகிறது, காரணம் சொல்ல வரவில்லை என்றால் கேள்விக்குறி. ஒன்றுமே ஓடவில்லை என்றால் வெற்றுக் கட்டம். குறி வைக்காமல் வருபவருக்கு அன்றைக்குப் பேச இடமில்லை. கேட்க இது கண்டிப்பாகத் தோன்றும். ஆனால் போராடாமல் வந்து கேட்கும் விளக்கம் அந்த நிமிடம் புரிந்த மாதிரி இருந்துவிட்டு ராத்திரிக்குள் ஆவியாகிவிடும் என்பதைக் கணக்குப் படித்த எல்லோரும் அறிவார்கள்.

நேரில் உட்கார்ந்ததும் நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிகளைப் பார்க்க வேண்டும். எல்லோரும் டிக் போட்ட ஆப்ஷனை யாராவது ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிடலாம். ஒருவர் டிக், இன்னொருவர் இன்ட்டு என்றால் அதுதான் தங்கம். இருவரில் ஒருவர் கையில் தப்பான ப்ரூஃப் இருக்கிறது, அதில் எந்த வரி பொய் என்று தேட வேண்டும். ஆனால் அதிக நேரம் தர வேண்டியது கேள்விக்குறிகளுக்கு. தேர்வறையில் மதிப்பெண்ணைத் தின்பது வெற்றுக் கட்டங்கள் அல்ல, இந்தத் "தோணுது" வகைதான்.

பேனா யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். கணக்குத் தெரிந்தவர் பேனாவை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் அழகான விடை ஒன்று பேப்பரில் இருக்கும், மற்ற மூவரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அதோடு முடிந்தது. அதனால் பேனா, அந்தக் கணக்கில் நிற்பவர் கையில்தான் இருக்க வேண்டும். தெரிந்தவர் வாயால் மட்டும் உதவலாம், அதுவும் படிப்படியாக. முதலில் டெஃபினிஷனைச் சொல்லச் சொல்வது. அடுத்து ஒரு சின்ன உதாரணத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வது. அதற்கும் நகரவில்லை என்றால் தேற்றத்தின் பெயர். கடைசியாக ப்ரூஃபின் முதல் வரி. ஒவ்வொரு படிக்கும் நடுவில் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தெரிந்தவருக்குக் கஷ்டமே அதுதான்.

கேட்கிற விதத்துக்கும் பழக்கம் வேண்டும்.

"அக்கா, இந்தக் கணக்கு வரல."

"எந்த ஆப்ஷன்ல நிக்குது தம்பி?"

"மூணுல. டெரிவேட்டிவ் அன்பவுண்டட்னு வருது, அப்ப யூனிஃபார்ம் இல்லன்னுதானே அர்த்தம்? கீயில சரின்னு போட்டிருக்கு."

"கணக்கு வரல" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கடைசியாகச் சொன்னதில் நோய் எது என்றே தெரிந்துவிடுகிறது. அந்தக் கணக்கையே பார்த்துவிடலாம்.

பூஜ்யத்தைச் சேர்க்காமல், பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரையான இடைவெளியில் எவை யூனிஃபார்ம்லி கன்டினியூஸ்? (சார்பின் மதிப்பு எப்சிலானுக்குள் மாற, புள்ளிகள் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதுதான் டெல்டா. அந்த டெல்டா எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே இருந்தால் யூனிஃபார்ம்.) ஒன்று, √எக்ஸ். இரண்டு, சைன்(எக்ஸ்²). மூன்று, எக்ஸ் × சைன்(1/எக்ஸ்). நாலு, சைன்(1/எக்ஸ்).

முதல் ஆப்ஷனை எடுத்தவர் ஒரே வரியில் முடிக்கலாம். √எக்ஸுக்கும் √ஒய்க்கும் உள்ள வித்தியாசம், எக்ஸ் – ஒய் வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. டெல்டாவுக்கு எப்சிலான்² போதும்.

இரண்டாவதுக்கு இரண்டு வரிசை வேண்டும்: √(2 × பை × என்) ஒன்று, √(2 × பை × என் + பை/2) மற்றொன்று. என் = 100 போட்டுப் பார்த்தால் 25.07, 25.10. இடைவெளி 0.03 அளவுதான், என் கூடக்கூட இன்னும் சுருங்கும். ஆனால் சைன் மதிப்பு ஒன்றில் 0, மற்றதில் 1. உடைந்தது. எண்ணைப் போட்டுப் பார்க்கும் இந்த வேலையை நிறையப் பேர் மட்டமாக நினைக்கிறார்கள். வரிசை ஒன்றையொன்று நெருங்குகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு அதை எழுத்தில் நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. நாலாவது ஆப்ஷனும் இதே வித்தைதான், பூஜ்யத்துக்குப் பக்கத்தில்: 1/(என் × பை), 1/(என் × பை + பை/2).

மூன்றாவதில்தான் தம்பி நிற்கிறார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் டெரிவேட்டிவ் எல்லை மீறுவது உண்மை. டெரிவேட்டிவ் பவுண்டட் என்றால் யூனிஃபார்ம் கன்டினியுட்டி வரும் என்பதும் உண்மை. அதைத் திருப்பிப் போட்டதுதான் தப்பு. அதற்குச் சாட்சி அதே கேள்வியின் முதல் ஆப்ஷனிலேயே இருக்கிறது: √எக்ஸின் டெரிவேட்டிவும் பூஜ்யத்துக்கிட்டே எகிறத்தான் செய்கிறது, சார்பு யூனிஃபார்மாகத்தான் இருக்கிறது. முதல் ஆப்ஷனை வைத்திருப்பவர் வாயைத் திறந்தாலே மூன்றாவது ஆப்ஷன்காரரின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இனி ப்ரூஃப். பூஜ்யத்தில் மதிப்பு 0 என்று வைத்துவிட்டால் சார்பு 0 முதல் 1 வரை மூடிய இடைவெளியில் தொடர்ச்சி. அது காம்பாக்ட் (மூடியது, எல்லைக்குள் இருப்பது), அதனால் யூனிஃபார்ம். 1-க்கு அப்புறம் போகப்போக சார்பு 1 என்ற எல்லையை நெருங்குகிறது, தொடர்ச்சியான சார்புக்கு முடிவிலியில் எல்லை இருந்தால் அங்கேயும் யூனிஃபார்ம். இங்கே யாராவது ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எக்ஸ் இந்தப் பக்கம், ஒய் அந்தப் பக்கம் இருந்தால்? நடுவில் 1 வழியாகப் போக வேண்டும், இரண்டு பக்கமும் எப்சிலானில் பாதி, டெல்டாவில் சின்னது எதுவோ அது. ஒட்டுப் போடும் இந்த இடத்தை விழுங்கிவிட்டுப் போவது எல்லாக் குழுவிலும் நடக்கும். விடை 1, 3.

பேச்சில் எடுபடாத ஒரு சொல் உண்டு: "ட்ரிவியல்", அதாவது சொல்லவே தேவையில்லாத அளவு எளிது. அதை யார் சொன்னாலும் அடுத்த நிமிடம் அவரே அந்த வரியை எழுதிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சொல் தானாகக் குறைந்துவிடும். பாதி நேரம் அவருக்கே எழுத வராது.

தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு வந்தவர்கள் கணக்கைவிட வாக்கியத்தில் தடுமாறுவதை மதுரையில், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் நிறையப் பார்க்கலாம். "ஒவ்வொன்றுக்கும்", "ஒன்று இருக்கிறது" இரண்டும் எந்த வரிசையில் வருகின்றன என்பதில்தான் கேள்வியின் உயிர் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாய் இருக்கிறது என்பது ஒன்று. தெருவுக்கே பொதுவாக ஒரு குழாய், எல்லா வீட்டுக்கும் அதுதான் என்பது வேறு. முதலாவது சாதாரணத் தொடர்ச்சி, புள்ளிக்குப் புள்ளி தனித்தனி டெல்டா. இரண்டாவது யூனிஃபார்ம், ஊருக்கே ஒரு டெல்டா. கேள்வியைப் படித்ததும் ஒருவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆங்கில வரியோடு ஒப்பிட வேண்டும். "தனித்தனியா, பொதுவா?" என்ற ஒரு கேள்வியே அனாலிசிஸில் பாதி வாக்கியங்களைத் திறந்துவிடும்.

முதல் வரியை அலட்சியமாகப் படிப்பதால் போகும் மதிப்பெண் தனி. மூன்றுக்கு மூன்று மெய்யெண் மேட்ரிக்ஸ் ஏ, ஏ³ = ஐ (அலகு மேட்ரிக்ஸ்), ஏ ≠ ஐ. ட்ரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்) 0 என்று ஒரு ஆப்ஷன். சரி. ஐகன் மதிப்புகள் 1-இன் கனமூலங்களாக இருக்க வேண்டும், மேட்ரிக்ஸ் கலப்பெண்களின் மேல் டயகனலைஸ் ஆகும், எல்லாமே 1 என்றால் ஏ = ஐ ஆகிவிடும். மெய்யெண் மேட்ரிக்ஸில் கலப்பெண் மூலங்கள் ஜோடியாகத்தான் வரும், ஆக 1, ஒமேகா, ஒமேகா² என்ற கனமூலங்கள் மூன்றும் வந்தே தீரும், கூட்டினால் 0. "மெய்யெண்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் கதை மாறும்: ஒமேகா × ஐ என்ற மேட்ரிக்ஸே ஆப்ஷனை உடைத்துவிடும், அதன் ட்ரேஸ் 3 × ஒமேகா. இதே மாதிரி, என் = 2, 3, 4… எல்லாவற்றுக்கும் 1/என் என்ற புள்ளியில் மதிப்பு என்/(என் + 1) ஆகும்படி ஒரு அனலிட்டிக் (கலப்பெண் மாறியில் வகையிடக்கூடிய) சார்பு உண்டா என்று கேட்டால், திறந்த யூனிட் டிஸ்க்கில் உண்டு: 1/(1 + இசட்). முழுத் தளத்திலும் வேண்டும் என்றால் கிடையாது. ஐடென்டிட்டி தியரம் அதே சார்பைத்தான் திணிக்கும், அது –1-இல் எகிறிவிடும். எந்த டொமைன், எந்த ஃபீல்டு என்று முதல் வரியிலேயே வட்டம் போடும் பழக்கத்தை நாலு பேரும் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

குழுவின் சொத்து என்றால் அது விடைகள் எழுதிய நோட்டு அல்ல, உடைக்கும் உதாரணங்களின் நோட்டு. நீள நோட்டு ஒன்று, பக்கத்துக்கு ஒரு தேற்றம். இடது பக்கம் நிபந்தனைகள், வலது பக்கம் ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துவிட்டால் எது உடைக்கிறது என்று. காம்பாக்ட் கணத்தில் தொடர்ச்சியான சார்பு யூனிஃபார்ம் என்ற பக்கத்தில்: மூடியதாக இல்லாவிட்டால் 0 சேராமல் 1 வரையான இடைவெளியில் 1/எக்ஸ். எல்லைக்குள் இல்லாவிட்டால் 0-ஐயும் சேர்த்து அதற்கு மேல் முழுக்க எக்ஸ்². உதாரணத்தை மட்டும் எழுதிவைத்தால் போதாது, அது எந்த நிபந்தனையைக் கொல்கிறது என்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வறையில் உதாரணம் ஞாபகம் வரும், எங்கே வைப்பது என்று வராது.

உடைக்கும் உதாரணங்களில் சில ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். மேல் வலது மூலையில் 1, மற்ற மூன்றிலும் 0 உள்ள இரண்டுக்கிரண்டு மேட்ரிக்ஸ்: ஐகன் மதிப்பெல்லாம் 0, ஆனால் பூஜ்ய மேட்ரிக்ஸ் இல்லை, டயகனலைஸ் ஆகாது, வர்க்கம் எடுத்தால் ரேங்க் விழுந்துவிடும். அதை ஏ என்றும், மேல் இடது மூலையில் மட்டும் 1 உள்ளதை பி என்றும் வைத்தால் ஏ × பி பூஜ்யம், பி × ஏ பூஜ்யமல்ல. லீனியர் ஆல்ஜீப்ராவில் சந்தேகம் வந்தால் முதலில் இவரைத்தான் கூப்பிட வேண்டும். 0 முதல் 1 வரை எக்ஸின் என்-ஆம் அடுக்கு, கான்ட்டர் கணம், விகிதமுறு எண்கள், இயல் எண்களில் கோஃபைனைட் டோபாலஜி, எட்டு உறுப்புள்ள குவாட்டர்னியன் குழு ஆகியோர் மற்றவர்கள். நோட்டு ஒருவரிடமே இருக்கக் கூடாது, வாரத்துக்கு ஒருவர் என்று சுற்ற வேண்டும்.

இடம் பற்றி. மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் தனியாகப் போராடுவதற்கு அருமையான இடம். ஆனால் நூலகத்தில் வாய்விட்டுச் சண்டை போட முடியாது, பார்ட்-சிக்குச் சண்டை வேண்டும். காலையில் உள்ளே தனியாக, பிறகு வெளியே வந்து பேச்சு என்று பிரித்துக்கொள்வது வசதி. தெப்பக்குளக் கரை சாயங்காலம் காற்று நன்றாக இருக்கும், கூட்டமும் அப்படியே, எழுத உதவாது. கல்லூரி வராந்தா பெஞ்சுதான் கடைசியில் நிற்கிறது. தாள், ஜெராக்ஸ் கடையில் வீணாய்ப் போன ஒரு பக்கத் தாள்கள் போதும். நேரம் இரண்டு மணி நேரம். ஆரப்பாளையம் போய் உசிலம்பட்டி பஸ் பிடிக்க வேண்டியவரும், மாட்டுத்தாவணி போய் மேலூர் பஸ் பிடிக்க வேண்டியவரும் ஒன்றாக இருந்தால் அதற்கு மேல் தாங்காது. தாங்காததும் நல்லதுக்குத்தான், மூன்றாவது மணி நேரத்தில் பேச்சு கணக்கிலிருந்து வேறெங்கோ போய்விடும். ஜூன் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சித்திரைத் திருவிழாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்சேவை நாளும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் தல்லாகுளம், தமுக்கம் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போக முடியாது. அட்டவணையிலிருந்தே அந்த நாட்களை எடுத்துவிட்டு அழகரைப் பார்க்கப் போகலாம்.

குழுவில் தப்பு பரவும் வழி ஒன்று இருக்கிறது. ஒருவர் எழுதிய விடையை வாட்ஸ்அப்பில் போடுவார். கையெழுத்து அழகாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டு மாதத்தில் நாலு நோட்டிலும் அதே தப்பு உட்கார்ந்திருக்கும். அதனால் போட்டோ பகிர்வதே வேண்டாம். மூன்று நாள் கழித்து, அந்தக் கேள்வியில் அன்றைக்குப் பேனா பிடிக்காத ஒருவர் வெள்ளைத் தாளில் முதலிலிருந்து எழுதட்டும், அதுவே நோட்டுக்குப் போகும். எழுதும்போது நின்றுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

கைடுகளின் கீயோடு சண்டை வரும். கீ சொல்வதால் ஒரு ஆப்ஷன் சரியாகிவிடாது, நாலு பேர் சொல்வதாலும் ஆகாது. கையில் மூன்று வரி உதாரணம் இருந்தால் கீ தப்பு. இல்லாவிட்டால் கேள்விக்குறியோடு விட்டுவிட்டு, துறையில் ஒரு பேராசிரியரிடம் அந்த ஒரு ஆப்ஷனை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். "சார், இந்தக் கணக்கு" என்று போனால் நாளைக்கு வா என்பார்கள். "சார், இந்த நிபந்தனை இல்லாமலும் இது நிற்குமா?" என்று போனால் நின்ற இடத்திலேயே பதில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் பேச்சு கிடையாது. நாலு பேரும் கடிகாரம் வைத்து, 20 நிமிடத்தில் நாலு பார்ட்-சி கேள்வி. தேர்வில் ஏக்கு 25, பிக்கு 55, சிக்கு 95 நிமிடம், மீதி ஐந்து திரும்பிப் பார்க்க என்று வைத்தால் சி கேள்விக்கு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். குழுவில் 40 நிமிடம் ரசித்துப் போட்ட கணக்கை அங்கே ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், அல்லது விட வேண்டும். எதை விடுவது என்று பழகுவதற்குத்தான் இந்த ஞாயிறு. ஊகிப்பது பற்றியும் ஒரு கணக்கு: பியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக 0.19 வரும், ஒரு ஆப்ஷனை உறுதியாக நீக்கிவிட்டு அடித்தால் 0.5. சியில் கழிவு இல்லாததால் 20 நிறையாமல் எழுந்திருப்பது வெறும் நஷ்டம். ஆனால் அங்கே குருட்டு ஊகத்துக்கு 15-இல் ஒரு வாய்ப்புத்தான். மூன்று ஆப்ஷனை நிறுவிவிட்டு ஒன்றில் மட்டும் ஊகித்தால் இரண்டில் ஒரு வாய்ப்பு. நிறுவும் பழக்கம் இங்கே நேராக மதிப்பெண்ணாகிறது.

கடைசிப் பத்து நாள் புதுக் கேள்வி எடுப்பதில்லை. நீள நோட்டைத் திறந்து, ஒருவர் நிபந்தனையைச் சொல்ல, மற்றவர் உடைக்கும் ஆளின் பெயரைச் சொல்வது, டீ குடிக்கும் நேரத்தில்கூட நடக்கும். தேர்வு முடிந்து தற்காலிகக் கீ வரும்போது குழு இன்னொரு தடவை உட்கார வேண்டும். கீயை எதிர்த்து மனுச் செய்யக் கேள்விக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டியிருப்பதால், ஆத்திரத்தில் ஐந்தாறு கேள்விக்குப் போடக் கூடாது. நாலு பேரும் தனித்தனியாக அந்த ஆப்ஷனை எழுதிப் பார்த்து, நாலும் ஒத்துப்போனால் மட்டும் மனு. இணைக்க வேண்டியது நீண்ட கட்டுரை அல்ல: எந்த நிபந்தனை கேள்வியில் இல்லை என்று ஒரு வரி, உடைக்கும் உதாரணம் ஒன்று, தேற்றத்தை நிபந்தனையோடு சொல்லும் பாடநூல் பக்கத்தின் படம்.